மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை: பாதுகாப்பு எதைப் பொறுத்தது?

1. வழக்கமும் கேள்வியும்

மாதவிடாய் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போதே புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கி, ரத்தப்போக்கை ஒன்றிரண்டு வாரம் ஒத்திவைப்பது பல நாடுகளில் நிலைபெற்ற மருத்துவ வழக்கம். திருமணம், புதுமனைப் புகுவிழா, கோயில் கொடை, ஹஜ் பயணம், பொதுத்தேர்வு, விளையாட்டுப் போட்டி, மலையேற்றம் என்று காரணங்கள் பல. தமிழ்நாட்டில் இதற்குத் தனிப் பெயர் தேவைப்பட்டதில்லை. மருந்துக் கடையில் ‘பீரியட்ஸ் தள்ளிப்போற மாத்திரை’ என்று சொன்னாலே கடைக்காரர் அட்டையை எடுத்து நீட்டுவார். பெரும்பாலும் அந்த அட்டையில் இருப்பது 5 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன். ‘ப்ரிமோலட்-என்’, ‘ரெஜெஸ்ட்ரோன்’ முதலிய வணிகப் பெயர்களில் அது விற்கப்படுகிறது.

இந்த மாத்திரையைப் பற்றி இரண்டு கருத்துகள் அருகருகே வழங்கி வருகின்றன. பத்து நாள் மருந்து என்ன செய்துவிடும் என்பது ஒன்று. வெளியேற வேண்டிய கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிடும், கருப்பை பழுதாகும், பின்னால் பிள்ளைப்பேறு தடைபடும் என்பது மற்றொன்று. உடலியங்கியல் சான்றுகளோடு வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்பதில்லை. அச்சம் தேவையில்லாத இடத்தில் அஞ்சுகிறது. அலட்சியமோ, ஆபத்து உண்மையிலேயே இருக்கும் ஒரே இடத்தைக் காணத் தவறுகிறது. அந்த இடம் கருப்பை அன்று, ரத்தக் குழாய்.

2. உட்சவ்வு உதிர்வதும் உதிராமல் நிற்பதும்

சூலகத்திலிருந்து முட்டை வெளிப்பட்டதும், அது இருந்த நுண்பை மஞ்சள் நிறச் சுரப்பித் திசுவாக மாறுகிறது. ஏறத்தாழ 14 நாட்கள் அது புரோஜெஸ்டிரோனைச் சுரக்கும். கருப்பையின் உட்சவ்வு அந்த ஹார்மோனின் பிடியில்தான் நிலைத்து நிற்கிறது. கரு தங்கவில்லையெனில் மஞ்சள் திசு சுருங்கி, ஹார்மோன் அளவு சரிகிறது. அந்தச் சரிவே மாதவிடாயின் தொடக்கம். புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருட்கள் பெருகுகின்றன, உட்சவ்வுக்கு ரத்தம் கொண்டுவரும் சுருள் தமனிகள் இறுகுகின்றன, திசுவைச் சிதைக்கும் நொதிகள் செயலில் இறங்குகின்றன, மேலடுக்கு உதிர்கிறது. அடியடுக்கு அப்படியே இருந்து அடுத்த மாதத்துக்கான சவ்வை வளர்க்கிறது.

எனவே மாதவிடாய் ரத்தம் எங்கோ சேர்ந்திருந்து வெளியேறும் கழிவு அன்று. உதிர்வு நிகழும் வேளையில்தான் அந்தத் திசுவின் குழாய்களிலிருந்து அது கசிகிறது. ஒரு சுற்றில் வெளியேறும் ரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர்தான். 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மருத்துவம் அதை மிகைப்போக்கு என்கிறது. இயற்கை ஹார்மோன் சரியும் வேளையில் வெளியிலிருந்து அதே வகை ஹார்மோனைத் தொடர்ந்து கொடுத்தால் உதிர்வுக்கான ஆணை பிறப்பதில்லை. உதிர்வு இல்லாதபோது தேங்குவதற்கு ரத்தமும் இல்லை. மாதக்கணக்கில் கொடுக்கும்போதுகூட உட்சவ்வு தடித்துக்கொண்டே போவதில்லை, மாறாக மெலிகிறது. மாத்திரையை நிறுத்தியதும் வெளி ஹார்மோனின் அளவு சரிய, அதே நிகழ்வு வரிசை தொடங்கிவிடுகிறது. முட்டை வெளிப்படுதலும் பழைய ஒழுங்குக்குத் திரும்புகிறது. கருவுறும் திறன் இந்தக் குறுகிய பயன்பாட்டால் குறைவதில்லை.

மாத்திரையை முன்கூட்டியே ஏன் தொடங்க வேண்டும் என்பதற்கும் இந்த வரிசையில் விடை இருக்கிறது. நொதிகள் வேலையைத் தொடங்கிய பிறகு ஹார்மோன் கொடுப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை. போக்கு தொடங்கிய அன்று காலையில் அவசரமாக விழுங்கப்படும் மாத்திரை, விழுங்கியவருக்குப் பக்கவிளைவை மட்டும் தருவதும் உண்டு.

3. மருந்தின் வரலாறு

இயற்கைப் புரோஜெஸ்டிரோனை வாய்வழி கொடுத்தால் ஈரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். வாய்வழி உட்கொண்டாலும் வீரியம் குறையாத ஒரு வடிவத்தைத் தேடிய ஆய்வின் விளைவே நோரெதிஸ்டிரோன். மெக்சிகோ நகரின் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ் ஆகியோரின் வழிகாட்டலில் பணியாற்றிய இளம் வேதியியலாளர் லூயிஸ் மிராமோன்டெஸ், 1951 அக்டோபர் 15 அன்று அதைத் தொகுத்தார். மூலப்பொருளுக்கு மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கு உதவியது. அமெரிக்காவில் 1957இல் இம்மருந்துக்குக் கிடைத்த முதல் அனுமதி மாதவிடாய்க் கோளாறுகளுக்கானது. கருத்தடை மாத்திரையின் உறுப்பாக இந்த மருந்துக் குடும்பம் புகழ்பெற்றது அதற்குப் பிறகே. ஆக, மாதவிடாயின் காலத்தை மாற்றியமைப்பது இந்த மருந்துக்குப் பிற்காலத்தில் ஒட்டவைக்கப்பட்ட பயன் அன்று. அதன் முதல் வேலையே அதுதான்.

4. அளவும் முறையும்

வழக்கமான அளவு, 5 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் நாளொன்றுக்கு மூன்று வேளை. மாதவிடாய் வரவேண்டிய நாளுக்கு 3 நாட்கள் முன்னதாகத் தொடங்க வேண்டும். தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் காலம் பொதுவாக 10 முதல் 14 நாட்கள். நிறுத்திய 2 அல்லது 3 நாட்களில் போக்கு தொடங்கும். வேளை தவறினால் திட்டுத் திட்டாகக் கசிவு தோன்றலாம். வயிற்று உப்புசம், மார்பக வலி, குமட்டல், தலைவலி, மனச்சோர்வு, எரிச்சல் ஆகியவை சிலருக்கு வரும். தேர்வுக்காக மாத்திரை எடுக்கும் மாணவிக்கு மாதவிடாயைவிட இந்தச் சோர்வே பெரிய இடையூறாகிவிடவும் கூடும் என்பதை முடிவெடுக்கும் முன் எண்ணிப்பார்ப்பது நல்லது.

சுற்று ஒழுங்காக வருபவருக்கே ‘3 நாட்கள் முன்னதாக’ என்ற கணக்கு பொருந்தும். பூப்பெய்தி இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன சிறுமியருக்கும், சூலக நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் எந்த நாள் முன்னதான நாள் என்பதே தெரியாது. மேலும், இந்த முறையில் எடுக்கப்படும் மாத்திரை கருத்தடையாகாது. மாதச் சுற்றின் பிற்பகுதியில் தொடங்கப்படுவதால், முட்டை வெளிப்பட்டுக் கருவும் தங்கிவிட்ட பிறகு அது உடலுக்குள் போகலாம். கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாகியும் போக்கு வரவில்லையெனில் மறுபடியும் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே கூட்டு ஹார்மோன் மாத்திரை (ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோன் வகையும் கலந்த கருத்தடை மாத்திரை) எடுத்து வருபவருக்கு வேறு மருந்தே வேண்டியதில்லை. இந்திய அரசுத் திட்டத்தின் ‘மாலா-என்’, ‘மாலா-டி’ அட்டைகளில் 21 ஹார்மோன் மாத்திரைகளும் 7 இரும்புச்சத்து மாத்திரைகளும் இருக்கின்றன. இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு அடுத்த அட்டையின் ஹார்மோன் மாத்திரைகளைத் தொடர்ந்தால் இடைப்போக்கு வராது. எல்லா மாத்திரையிலும் ஒரே அளவு ஹார்மோன் உள்ள வகைகளுக்கே இந்த எளிய முறை பொருந்தும். நிகழ்ச்சி இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால், கூட்டு மாத்திரையை அப்போதே தொடங்கிச் சுற்றையே நகர்த்திவிடவும் முடியும். அரசு வழங்கும் மற்றொரு மாத்திரையான ‘சாயா’ லக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தில் உருவானது. அது ஹார்மோன் மாத்திரை அன்று. அதை எடுப்போருக்குச் சுற்று நீள்வதுண்டு என்றாலும், குறித்த நாளுக்கென மாதவிடாயை ஒத்திவைக்க அது உதவாது.

வீட்டு வழிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். பொட்டுக்கடலை, எலுமிச்சைச் சாறு, வினிகர் ஆகியவை மாதவிடாயைத் தள்ளிப்போடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. மெஃபனமிக் அமிலம், டிரானெக்சாமிக் அமிலம் ஆகிய மருந்துகள் போக்கின் அளவைக் குறைக்கும், நாளைத் தள்ளிவைக்கா. ஆனால் போக்கு மிகுதிதான் ஒரு பெண்ணின் உண்மையான தொல்லையென்றால், ஒத்திவைப்பதைவிட அளவைக் குறைப்பதே அவருக்கு ஏற்றதாக இருக்கலாம்.

5. ‘ஈஸ்ட்ரோஜென் இல்லாத மாத்திரை’ என்ற நம்பிக்கை

கருத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அந்த வாய்ப்புக்கு முதற்காரணம் அதிலுள்ள ஈஸ்ட்ரோஜென். நோரெதிஸ்டிரோன் புரோஜெஸ்டிரோன் வகை. அதில் ஈஸ்ட்ரோஜென் இல்லை. ஆகவே உறைவு ஆபத்தும் இல்லை என்று மருத்துவர்கள் பலர்கூட நெடுங்காலம் கருதிவந்தனர். கருத்தடைக்கென நாளொன்றுக்கு 0.35 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் மட்டும் எடுக்கும் பெண்ணைப் பொறுத்தவரை அந்த முடிவு சரி. மாதவிடாயை ஒத்திவைக்கும் 15 மில்லிகிராம் அதைப்போல 40 மடங்குக்கும் மேல். ஒரே பெயர் கொண்ட மருந்து இந்த அளவில் வேறு மருந்தாக நடந்துகொள்கிறது.

உடலுக்குள் நோரெதிஸ்டிரோனின் ஒரு சிறு பங்கு, கூட்டுக் கருத்தடை மாத்திரையில் சேர்க்கப்படும் அதே ஈஸ்ட்ரோஜெனாக, அதாவது எத்தினைல் ஈஸ்ட்ராடையாலாக, மாறுகிறது. 0.35 மில்லிகிராமில் அந்தப் பங்கு பொருட்படுத்தத் தக்கதன்று. அளவு கூடும்போது அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டன் மருத்துவர் டயானா மன்சூர் 2012இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாக முன்வைத்தது: நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் நோரெதிஸ்டிரோன் எடுப்பது, 20 முதல் 30 மைக்ரோகிராம் எத்தினைல் ஈஸ்ட்ராடையால் கொண்ட கூட்டு மாத்திரையை எடுப்பதற்கு ஒப்பாகும். ‘மாலா-டி’யில் இருப்பது 30 மைக்ரோகிராம். அட்டையில் அச்சிடப்படாத ஈஸ்ட்ரோஜெனை உடலே தயாரித்துக்கொள்கிறது என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

மக்களிடையே இதன் விளைவு தென்படுகிறதா? 1999இல் ‘லான்செட்’ இதழில் வாசிலாகிஸ் குழுவினர் வெளியிட்ட பிரிட்டன் ஆய்வு அடிக்கடி சுட்டப்படுகிறது. கருத்தடைக்காகப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் உறைவு ஆபத்து குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. மாதவிடாய்க் கோளாறு போன்றவற்றுக்குச் சிகிச்சை அளவில் எடுத்தவர்களிடமோ அது சுமார் 5.3 மடங்காக இருந்தது. இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்வதில் இடர்ப்பாடு உண்டு. அதன் நம்பக எல்லை 1.5 முதல் 18.7 வரை விரிகிறது. அதாவது நிகழ்வுகள் மிகச் சில. மேலும், சிகிச்சை பெறும் அளவுக்கு நோயுற்ற பெண்கள் வேறு காரணங்களாலும் உறைவுக்கு ஆளாகியிருக்கலாம். நலமாக இருக்கும் பெண்ணின் பத்து நாள் பயன்பாட்டை அந்த ஆய்வு தனியே அளக்கவுமில்லை. தனித்து நின்றால் இது பலவீனமான சான்றுதான். ஆனால் உடலுக்குள் நடக்கும் வேதி மாற்றம் சுட்டும் அதே திசையை இதுவும் சுட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இந்த அளவு நோரெதிஸ்டிரோனைக் கூட்டு மாத்திரைக்குச் சமமாகக் கருதி, அதற்குக் கேட்கப்படும் கேள்விகளையெல்லாம் இதற்கும் கேட்பதே நேர்மையான முடிவு.

6. ஆபத்தின் உண்மை அளவு

ஐரோப்பிய மருந்து முகமையின் மதிப்பீட்டின்படி, ஹார்மோன் எதுவும் எடுக்காத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்குச் சிரைகளில் ரத்தம் உறைகிறது. நோரெதிஸ்டிரோன் அல்லது லெவோநார்ஜெஸ்ட்ரல் கொண்ட கூட்டு மாத்திரை எடுப்போரில் இது 5 முதல் 7. டிராஸ்பைரினோன் போன்றவை கொண்ட வகைகளில் 9 முதல் 12. கருவுற்ற காலத்திலும் பேற்றுக்குப் பிறகும் இயல்பாகவே ஏற்படும் ஆபத்து இவற்றைவிட அதிகம். கூடுதல் 3 முதல் 5 என்பதை இரண்டு வாரத்துக்கு வகுத்தால், லட்சம் பெண்களில் ஒருவர் அல்லது இருவர் என்று வரும். உறைவு ஆபத்து மாத்திரை தொடங்கிய முதல் மாதங்களிலேயே உச்சத்தில் இருப்பதால், இந்த வகுத்தல் கணக்கு உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும். அப்படியே இருந்தாலும், நலமான இளம்பெண்ணுக்கு ஆபத்து மிகச் சிறியது.

சராசரிக்குள் மறைந்திருக்கும் பெண்களைப் பற்றியதே கவலை. முன்பு காலிலோ நுரையீரலிலோ உறைவு ஏற்பட்டவர், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இளவயதில் அது வந்திருப்பவர், ரத்தம் எளிதில் உறையும் பரம்பரைக் குறைபாடு உள்ளவர், 35 வயதைக் கடந்து புகைபிடிப்பவர், கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர், மிகை உடல் எடை உள்ளவர், அறுவைச் சிகிச்சைக்குப் பின் படுக்கையில் இருப்பவர், குழந்தை பெற்று 6 வாரம் ஆகாதவர் ஆகியோருக்கு அந்தச் சிறிய எண் பொருந்தாது. கண்முன் ஒளித்திட்டுகளோ நெளிகோடுகளோ தோன்றி அதன்பின் ஒற்றைத்தலைவலி வருபவர் பக்கவாத ஆபத்தையும் கருத வேண்டும். மார்பகப் புற்றுநோய், கடுமையான ஈரல் நோய், காரணம் கண்டறியப்படாத ரத்தப்போக்கு ஆகியவை இருந்தாலும் இந்த மருந்து ஆகாது. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் ஆகியவை ஹார்மோனை விரைவாகச் சிதைத்து மாத்திரையைப் பயனற்றதாக்கிவிடும். காசநோய்ச் சிகிச்சையில் பலர் இருக்கும் நாட்டில் இந்தக் கடைசிக் கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டியது.

உறைவு ஆபத்து கூடியவருக்கு மாற்றாக மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் 10 மில்லிகிராம், நாளொன்றுக்கு மூன்று வேளை என்று மன்சூரின் கட்டுரை பரிந்துரைத்தது. அம்மருந்து எத்தினைல் ஈஸ்ட்ராடையாலாக மாறுவதில்லை. அதனால் ஆபத்தே இல்லை என்று பொருளாகாது. முன்பே உறைவு கண்டவர் எந்த ஹார்மோனையும் மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாது.

7. பயணம், நோன்பு, சமய விதி

ஒத்திவைக்க விரும்பும் சூழல்களே பல நேரம் உறைவுக்கும் உகந்த சூழல்களாக அமைவது இந்த விஷயத்தின் சிக்கல். நீண்ட விமானப் பயணத்தில் கால் அசையாதிருத்தல், நீர் குறைவாகக் குடித்தல், உயர்மலையில் ரத்தம் அடர்த்தியாதல் ஆகிய ஒவ்வொன்றும் மாத்திரையின் ஆபத்தோடு சேர்ந்துகொள்கிறது. ஹஜ் பயணத்தில் இவற்றில் பல ஒன்றுகூடுகின்றன. கஅபாவை வலம்வரும் தவாஃபுக்குத் தூய்மை நிபந்தனை. திரும்பும் விமானமோ யாருக்காகவும் காத்திராது. எனவே பெண் பயணிகளுக்கு மாத்திரை நடைமுறைத் தேவையாகிவிட்டது. உடலுக்குத் தீங்கு நேராது என்ற நிபந்தனையோடு மார்க்க அறிஞர்கள் பலர் இதை அனுமதிக்கிறார்கள்.

ரமலான் நோன்பின் நிலை வேறு. மாதவிடாய் நாட்களில் பெண்ணுக்கு நோன்பு இல்லை. விடுபட்ட நாட்களைப் பின்னர் நோற்றுக்கொள்ளலாம். இருந்தும் மாதம் முழுவதையும் இடைவிடாது நோற்க விரும்பி மாத்திரை எடுப்போர் உண்டு. ஈரானிய நரம்பியல் மருத்துவர்கள், ரமலானில் இவ்வாறு கருத்தடை மாத்திரை எடுத்த பெண்களிடம் மூளைச் சிரைகளில் உறைவு ஏற்பட்டதைப் பதிவுசெய்துள்ளனர். பகல் முழுதும் நீரின்றி இருப்பதும் ஈஸ்ட்ரோஜெனும் சேர்ந்து இயங்குவதே விளக்கமாகக் கருதப்படுகிறது. இவை நோயாளிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகள். ஒரு பெண்ணுக்கு எவ்வளவு ஆபத்து என்று இவற்றைக் கொண்டு கணக்கிட முடியாது. ஆனால் ‘சில நாள் மாத்திரைதானே’ என்ற வாதத்தை மறுக்க இவை போதும்.

சமய விதிக்கு ஏற்ப உடலை மாற்றுவது ஒரு வழி என்றால், விதியையே தளர்த்திய இடமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்தில் மாதவிடாய் நாட்களிலும் பெண்கள் கருவறைவரை சென்று வழிபடலாம். ‘வீட்டுக்குத் தூரம்’ என்று பெண்ணை விலக்கும் வழக்கம் இல்லாத இடத்தில் மாத்திரைக்கான தேவையின் ஒரு பகுதி எழுவதே இல்லை. மாத்திரை வேண்டுமா என்று ஆராயும் மருத்துவர் காரணத்தைக் கேட்பதும், அந்த விருப்பம் பெண்ணுடையதா, மாமியார் வீட்டாருடையதா என்று அறிவதும் இதனால் முக்கியமாகின்றன.

8. மாதந்தோறும் போக்கு கட்டாயமா?

கருத்தடை மாத்திரையை வடிவமைத்த கிரிகோரி பின்கஸ், ஜான் ராக் ஆகியோர் ஏறத்தாழ மூன்று வாரம் மாத்திரையும் ஒரு வாரம் இடைவெளியும் கொண்ட முறையை வகுத்தனர். ராக் கத்தோலிக்கர், இயற்கைச் சுற்றை ஒத்த தோற்றம் மாத்திரையைப் பெண்களும் திருச்சபையும் ஏற்க உதவும் என்பது எதிர்பார்ப்பு. 1968இல் போப் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை நிராகரித்தபோது அந்த எதிர்பார்ப்பு பொய்த்தது, இடைவெளி மட்டும் நிலைத்துவிட்டது. அந்த இடைவெளியில் வருவது மாதவிடாய் அன்று. ஹார்மோனை நிறுத்துவதால் ஏற்படும் போக்கு. 84 நாள் தொடர்ந்து எடுக்கும் மாத்திரைக்கு அமெரிக்கா 2003இல் அனுமதி வழங்கியது. 7 நாள் இடைவெளியால் உடல்நல நன்மை எதுவுமில்லை என்று பிரிட்டனின் பாலியல்-இனப்பெருக்க நல மருத்துவர் அமைப்பு 2019 ஜனவரியில் அறிவித்தது. ஆக, மருத்துவக் கண்காணிப்பில் உள்ள ஒரு பெண் போக்கைத் தவிர்ப்பது தன்னளவில் கேடு அன்று. எந்த மருந்தால், எந்த உடலில் தவிர்க்கிறார் என்பதே பொருட்டு.

9. கடையும் கட்டுப்பாடும்

ஹார்மோன் மாத்திரை கடைமேசையில் சரளமாகக் கைமாறியதன் விளைவை இந்தியா முன்பே ஒருமுறை கண்டிருக்கிறது. வீரியம் மிகுந்த ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் கலந்த ‘ஈ.பி. ஃபோர்ட்’ வகை மருந்துகள், நின்றுபோன மாதவிடாயை வரவழைக்க என்ற பெயரில் விற்கப்பட்டன. நடைமுறையிலோ கரு தங்கியிருக்கிறதா என்று அறியவும், தங்கியிருந்தால் கலையும் என்ற தவறான நம்பிக்கையிலும் பெண்கள் அவற்றை எடுத்தனர். கருவிலுள்ள குழந்தைக்கு ஊறு நேரலாம் என்ற அச்சம் எழுந்தது. 1982இல் அரசு தடைசெய்ய முயன்றபோது நிறுவனங்கள் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றன. பெண்கள் அமைப்புகளும் மருந்துத் துறைச் செயற்பாட்டாளர்களும் தொடர்ந்து போராடினர். உச்ச நீதிமன்ற வழக்கு, சென்னை உட்படப் பெருநகரங்களில் பொது விசாரணைகள் ஆகியவற்றைத் தாண்டி 1988இல்தான் தடை வந்தது.

நோரெதிஸ்டிரோனை அந்த மருந்துகளோடு சேர்க்க முடியாது. அது பயனுள்ள, பெரும்பாலோருக்குப் பாதுகாப்பான மருந்து. தடை செய்யச் சொல்வதில் நியாயமில்லை. பொதுவான அம்சம், கேள்வி கேட்கப்படாமல் கைமாறுவது. இந்த மருந்தின் பாதுகாப்பு, அதைக் கொடுக்கும் முன் கேட்கப்படும் ஏழெட்டுக் கேள்விகளைப் பொறுத்தது. பெயர் சொன்னதும் அட்டை நீளும் கடையில் அந்தக் கேள்விகளே விடுபடுகின்றன. உறவினர் ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையில் மீந்ததை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும்போதும் அதே நிலைதான்.

மாத்திரை எடுக்கும் நாட்களில் நிறைய நீர் குடிப்பதும், நெடும்பயணத்தில் அவ்வப்போது எழுந்து நடப்பதும் வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமோ கெண்டைக்கால் வலியோ, திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், இதுவரை அனுபவித்திராத தலைவலி, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் மாத்திரையை உடனே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லவும் வேண்டும். மாத்திரை முடிந்த பிறகு வரும் போக்கு வழக்கத்தைவிடச் சற்று மிகுதியாக இருக்கலாம். அடுத்த சுற்றிலும் நாள் ஒழுங்காகவில்லையெனில், ஒத்திவைத்த மாத்திரையின்மேல் பழிபோட்டு விட்டுவிடாமல், முன்பே இருந்திருக்கக்கூடிய தைராய்டு, சூலகக் கோளாறுகளைச் சோதித்துப் பார்ப்பதே முறை.